கொடியேற்றம், அணிவகுப்பு: யார் சல்யூட் அடிக்க வேண்டும், யார் நேராக நின்றால் போதும்

ஆகஸ்ட் 15-ம் ஜனவரி 26-ம் நெருங்கினால் பள்ளியிலோ குடியிருப்போர் சங்கத்திலோ யாராவது ஒருவர் தலையில் கொடியேற்று நிகழ்ச்சியைக் கட்டிவிடுவார்கள். போன தடவை என் தலையில். மைக், நாற்காலி, மிட்டாய் எல்லாம் சுலபமாக முடிந்தன. சல்யூட் விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். எங்கள் சங்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ராணுவ சுபேதார், "தலையில தொப்பி இல்லாதவன் கையைத் தூக்கவே கூடாது சார்" என்றார். உடற்கல்வி ஆசிரியர், "கொடிக்கு எல்லாரும்தான் அடிக்கணும்" என்றார். இன்னொருவர் நெஞ்சில் கை வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். மூவரும் நல்லவர்கள், மூவரும் உறுதியாகப் பேசினார்கள்.

அப்புறம் இந்தியக் கொடி விதி, தேசிய கீதம் பற்றிய உள்துறை அமைச்சக ஆணை, என்.சி.சி. கவாத்துப் பாடம் மூன்றையும் புரட்டி ஒழுங்குபடுத்தியதுதான் கீழே இருப்பது. முதல் தடவை இதில் இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன். குழப்பத்தின் வேர் என்னவென்றால், நம் நாட்டில் இரண்டு முறைகள் பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன: பள்ளிக் கொடியேற்ற முறை, படை அணிவகுப்பு முறை. இரண்டையும் ஒரே மைதானத்தில் கலந்தால் பாதிப் பேர் கை மேலே, பாதிப் பேர் கை கீழே.

1. கையைத் தூக்கும் முன் மூன்று கேள்விகள்

(பள்ளி மாணவர்களின் சல்யூட் 4-ம் பகுதியில் தனியாக வருகிறது.) முதல் கேள்வி: சீருடையில் இருக்கிறீர்களா? இல்லை என்றால் விஷயம் முடிந்தது. கொடி ஏறும்போதோ, இறங்கும்போதோ, அணிவகுப்பில் உங்களைக் கடந்து போகும்போதோ கொடியைப் பார்த்து அட்டென்ஷனில் நில்லுங்கள். கொடி விதி அங்கே இருக்கும் எல்லோரிடமும் கேட்பது அதுதான். சல்யூட் அடிக்கச் சொல்வது சீருடையில் இருப்பவர்களை மட்டும். நேராக நிற்பது குறைந்த மரியாதை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது கேள்வி: தலையில் தொப்பி, பெரே (படையினரின் வட்டத் துணித் தொப்பி), தலைப்பாகை ஏதாவது இருக்கிறதா? இந்தியப் படைகளின் வழக்கப்படி வெறுந்தலையோடு கை சல்யூட் கிடையாது. சீருடை இருந்து தொப்பி இல்லையென்றால் அட்டென்ஷனில் நிற்க வேண்டும். சீக்கிய வீரரின் தலைப்பாகை தொப்பிக்குச் சமம்.

மூன்றாவது கேள்வி: அணிக்குள் நிற்கிறீர்களா, தனியாகவா? அணியில் இருப்பவர் சொந்தமாக முடிவெடுத்துக் கையைத் தூக்கக் கூடாது. கட்டளை கொடுப்பவர் என்ன சொல்கிறாரோ அது மட்டும். கையில் துப்பாக்கி இருந்தால் கை சல்யூட்டே கிடையாது; 'சலாமி சஸ்த்ர' என்ற கட்டளைக்குத் துப்பாக்கியை உடலுக்கு முன்னால் செங்குத்தாகக் கொண்டுவருவதுதான் மரியாதை. வாள் ஏந்திய அதிகாரி வாளால் மரியாதை செய்வார். தனியாக, சீருடையில், தொப்பியோடு, வெறுங்கையோடு இருப்பவர்தான் கையால் சல்யூட் அடிப்பவர்.

நெஞ்சில் கை வைப்பது அமெரிக்கர்களின் வழக்கம். நம் கொடி விதியிலோ தேசிய கீத ஆணையிலோ அது கிடையாது. வைத்தால் யாரும் பிடித்துக்கொண்டு போகப் போவதில்லை, ஆனால் மேடையில் ஒருவர் நெஞ்சில் கை, பக்கத்தில் இருப்பவர் நெற்றியில் கை, அதற்கடுத்தவர் கைகட்டி நிற்கிறார் என்றால் புகைப்படம் கேலிக்கூத்தாகிவிடும். முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

2. கை எப்படி இருக்க வேண்டும்

முதலில் அட்டென்ஷனைச் சரிசெய்யுங்கள். அது சரியில்லாமல் எந்த சல்யூட்டும் நன்றாக இருக்காது. குதிகால்கள் ஒட்டியிருக்க, பாதங்கள் 30 பாகை விரிய வேண்டும். முட்டி நேர். கைவிரல்கள் மடங்கி, கட்டைவிரல் முன்பக்கம் பார்த்து, கால்சட்டையின் பக்கத் தையலை ஒட்டி இருக்க வேண்டும். பார்வை நேர்.

தரைப்படை சல்யூட்டில் வலது கை பக்கவாட்டில் நேராகத் தோள் உயரம் வரை எழும்பி, முழங்கையில் மடங்கி நெற்றிக்கு வரும். விரல்கள் ஐந்தும் சேர்ந்திருக்கும், உள்ளங்கை முன்னால் இருப்பவருக்குத் தெரியும். ஆள்காட்டி விரல் வலது கண்ணுக்கு ஒரு அங்குலம் மேலே. என்.சி.சி. தரைப்படைப் பிரிவினர் பழகுவதும் இதைத்தான்.

கடற்படையில் உள்ளங்கை தரையைப் பார்க்கும். எதிரில் இருப்பவருக்கு உள்ளங்கை தெரியாது. விமானப்படையில் 2006-லிருந்து உள்ளங்கை தரைக்கு 45 பாகை சாய்வில் இருக்கிறது, அதாவது மற்ற இரண்டுக்கும் நடுவில். சாரணர்கள் மூன்று விரலால் சல்யூட் அடிப்பார்கள். ஒரே பள்ளியில் என்.சி.சி.யும் சாரணரும் சேர்ந்து நிற்கும்போது ஒரே மாதிரி அடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவரவர் இயக்கத்தின் முறையே சரி.

ஒத்திகையில் நான் கண்ட தவறுகளில் மூன்று திரும்பத் திரும்ப வந்தன. கை மேலே போகும்போது தலை கீழே குனிவது. முழங்கை முன்னால் வந்து மூக்கை மறைப்பது. கை இறங்கும்போது தொடையில் சத்தமாக அறைவது. மூன்றாவதைப் பிள்ளைகள் கம்பீரம் என்று நினைக்கிறார்கள், அதை நிறுத்தத்தான் அதிக நேரம் பிடித்தது. இன்னொன்று: வலது கையில் கோப்போ கைபேசியோ இருக்கிறது என்பதற்காக இடது கையால் அடிப்பது. செய்யவே கூடாது. பொருளை முன்கூட்டியே இடது கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், முடியாவிட்டால் அட்டென்ஷனில் நின்றால் போதும்.

3. தேசிய கீதம்: இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்

முழு வடிவம் ஏறத்தாழ 52 விநாடி. முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் கொண்ட சுருக்க வடிவம் ஏறத்தாழ 20 விநாடி. அது படை உணவகங்களில் கோப்பை உயர்த்தி நலம் பாராட்டும் நேரங்களுக்கு உரியது. கொடியேற்றத்துக்கு முழு வடிவம்தான். இணையத்தில் இறக்கும் ஒலிப்பதிவுகளில் இழுத்துப் பாடியதும், நடுவில் வாத்தியம் சேர்த்ததும் நிறைய. போட்டுப் பார்த்து நேரம் எடுங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் வேறு பதிவு தேடுங்கள்.

சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்கும்போதே தேசிய கீதத்தை ஒலிக்கவிடுவது பெரிய பிழை. 'ராஷ்ட்ரிய சல்யூட்', அதாவது தேசிய கீதத்தோடு கூடிய மரியாதை, குடியரசுத் தலைவருக்கும், தத்தம் மாநிலத்துக்குள் ஆளுநருக்கும், துணைநிலை ஆளுநருக்கும் உரியது. பிரதமருக்கே வழக்கமாகக் கீதம் இசைப்பதில்லை, சிறப்புத் தருணங்களில் மட்டும்தான். மற்ற அதிகாரிகளுக்கு அணிவகுப்பில் தரப்படுவது 'ஜெனரல் சல்யூட்'. அதற்குத் தனி இசை இருக்கிறது. உங்கள் விருந்தினர் கவுன்சிலரோ தொழிலதிபரோ வங்கி மேலாளரோ ஆக இருந்தால் கைதட்டல் போதும். கீதம் கொடிக்காக ஒலிக்கட்டும்.

பேண்ட் வாத்தியக் குழு இருந்தால் கீதத்துக்கு முன்னால் முரசு உருட்டு உண்டு. மெதுநடையில் ஏழு அடி வைக்கும் நேரம் அது நீளும். மெல்ல ஆரம்பித்து, உச்சத்துக்குப் போய், மறுபடி மெல்லத் தணியும். பிறகு ஒரு தட்டு இடைவெளி. அதற்கடுத்து 'ஜன கண மன'. கூட்டம் எழுந்து தயாராக வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆகவே முரசு உருளும்போதே எழுந்து நிற்க வேண்டும், முதல் சொல் காதில் விழும்வரை காத்திருக்கக் கூடாது. ஒலிப்பதிவு போடுகிறீர்கள் என்றால் இந்த எச்சரிக்கை கிடைக்காது. அதனால் மைக்கில் ஒருவர், "தேசிய கீதம், அனைவரும் எழுந்து நிற்கவும்" என்று சொல்லி, மூன்று விநாடி விட்டு, பிறகு தொடங்கச் சொல்லுங்கள்.

நிற்க முடியாத முதியவர், மாற்றுத்திறனாளி யாரையும் யாரும் முறைத்துப் பார்க்காமல் இருக்க நாற்காலி வரிசையை ஓரமாக முன்னால் போடுவது நல்லது. தமிழ்நாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் எழுந்து நிற்க வேண்டும். 2021 டிசம்பரில் வந்த அரசாணை அதை மாநிலப் பாடலாக்கி, 55 விநாடியில் பாட வேண்டும் என்று வரையறுத்தது. அதில் நிற்பது பற்றித்தான் பேச்சு. கைகள் பக்கவாட்டிலேயே இருக்கட்டும்.

கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பதும், பாடும் கூட்டத்தில் குழப்பம் விளைவிப்பதும் 1971-ம் ஆண்டு தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். கைபேசி மணி அடித்ததற்கெல்லாம் அது வராது. இருந்தாலும் அணைத்து வைக்கச் சொல்லி அறிவியுங்கள்.

4. பள்ளிக் கொடியேற்றம், வரிசைக்கிரமமாக

கொடி விதியின் இரண்டாம் பகுதியில் பள்ளிகளுக்கென்றே மாதிரி முறை எழுதி வைத்திருக்கிறார்கள். ஏன் யாரும் அதைப் படிப்பதில்லை என்று தெரியவில்லை, இரண்டு பக்கம்கூட இல்லை.

மாணவர்கள் திறந்த சதுரமாக நிற்க வேண்டும்: மூன்று பக்கம் மாணவர், நான்காவது பக்கத்தின் நடுவில் கொடிக்கம்பம். தலைமையாசிரியர், மாணவர் தலைவர், கொடியை விரிப்பவர் ஆகியோர் கம்பத்துக்கு மூன்று அடி பின்னால். இங்கே அடி என்பது நடக்கும் அடி, 30 அங்குலம். வகுப்புகள் பத்துப் பத்துப் பேராக ஒருவர் பின் ஒருவர் நிற்கும். மூத்த வகுப்பு வலது பக்கம். வகுப்பாசிரியர் தன் வகுப்பின் கடைசி வரிசைக்கு மூன்று அடி பின்னால், நடுவாக.

பிறகு நடப்பது இது. ஒவ்வொரு வகுப்பும் தயாரானதும் வகுப்புத் தலைவர் முன்வந்து மாணவர் தலைவருக்கு சல்யூட் அடிப்பார். எல்லா வகுப்பும் முடிந்ததும் மாணவர் தலைவர் தலைமையாசிரியரிடம் போய் சல்யூட் அடிப்பார், தலைமையாசிரியர் பதில் சல்யூட் தருவார். கொடி விரியும் தருணத்துக்குச் சற்று முன் மாணவர் தலைவர் அட்டென்ஷன் கொடுப்பார். கொடி விரிந்து பறக்கும்போது சல்யூட் கட்டளை. சில நொடிகள் அப்படியே நின்று, 'ஆர்டர்' என்றதும் கைகள் இறங்கி மறுபடி அட்டென்ஷன். அதற்குப் பிறகுதான் தேசிய கீதம். கீதம் முழுக்க அட்டென்ஷன் மட்டும், கை மேலே இல்லை. உறுதிமொழி உண்டென்றால் கீதத்துக்குப் பிறகு.

கவனித்தீர்களா? பள்ளி முறையில் மாணவர்கள் சீருடைப் படையினரைப் போலக் கட்டளைக்கு சல்யூட் அடிக்கிறார்கள், ஆனால் கீதத்துக்கு முன்பே அது முடிந்துவிடுகிறது. படை அணிவகுப்பில் மரியாதையும் கீதமும் ஒன்றாகவே நடக்கும். சல்யூட் கீதம் முடியும்வரை நீடிக்கும். உடற்கல்வி ஆசிரியர் சொன்னதும் சுபேதார் சொன்னதும் அவரவர் மைதானத்துக்குச் சரிதான். உங்கள் நிகழ்ச்சி எந்த வகை என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதைத் தாளில் எழுதி, கட்டளை கொடுப்பவர், மைக் பிடிப்பவர், ஒலிப்பெட்டி இயக்குபவர் மூவர் கையிலும் கொடுங்கள்.

கொடியை வேகமாக ஏற்ற வேண்டும், மெதுவாக, மரியாதையோடு இறக்க வேண்டும். பியூகிள் (படையினர் ஊதும் சிறு எக்காளம்) ஊதுவதானால் ஊதலும் ஏற்றமும் ஒன்றாகப் போக வேண்டும்.

கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மடித்துக் கட்டிய கொடி ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். முந்தின நாள் மாலையே கட்டி வைத்தால் பருத்திக் கயிறு பனி ஈரத்தில் உப்பி இறுகிவிடும். மறுநாள் காலை விருந்தினர் இழுக்கிறார், இழுக்கிறார், மேலே பொட்டலம் ஆடுகிறதே தவிர விரியவில்லை. கூட்டம் சல்யூட்டில் கை வலிக்க நிற்கிறது. காலையிலேயே கட்டுங்கள். சுருக்கு முடிச்சின் நுனி ஒரு சாண் வெளியே தொங்கட்டும். உள்ளே பூவிதழ் வைக்க விதியில் தடையில்லை, ஆனால் ஒரு கைப்பிடி போதும். ஈரப் பூவைத் திணித்தால் கொடி நனைந்து ஒட்டிக்கொள்ளும். எந்தக் கொடியை ஏற்றப்போகிறீர்களோ அதே அளவுள்ள துணியை வைத்து ஒத்திகை பாருங்கள். காவி மேலே வருகிறதா என்று கட்டும் ஆளைத் தவிர இன்னொருவரும் பார்க்க வேண்டும்.

5. அணிவகுப்பு மரியாதையை ஏற்பவர் நீங்கள் என்றால்

திடீரென்று ஒரு கல்லூரி உங்களைச் சிறப்பு விருந்தினராக அழைத்து மேடையில் ஏற்றிவிடும். உங்களுக்குத் தொப்பி இல்லை. என்ன செய்வது? கொடி விதியில் இதற்கு ஒரு வரி இருக்கிறது: மரியாதையை ஏற்கும் பிரமுகர் தலையணி இல்லாமலும் சல்யூட்டை ஏற்கலாம். கை உயர்த்தலாம், அட்டென்ஷனிலும் நிற்கலாம். எது என்பதை முன்னரே சொல்லிவிடுங்கள்.

அணிநடையில் ஒவ்வொரு அணியும் மேடையை நெருங்கும்போது 'தாஹினே தேக்' என்று கட்டளை கேட்கும். அணியினர் முகத்தை வலப்பக்கம் திருப்புவார்கள், அணித் தலைவர் சல்யூட் அடிப்பார். வலது ஓரத்தில் வருபவர் மட்டும் நேராகப் பார்த்தபடி நடப்பார், வரிசை கோணாமல் இருக்க. அவர் உங்களை அவமதிக்கவில்லை. அணியின் முன்வரிசை உங்களை எட்டும்போது கையை உயர்த்தி, கடைசி வரிசை கடந்ததும் இறக்குங்கள். அடுத்த அணி வரும்வரை கைக்கு ஓய்வு. நடுவில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது, கூட்டத்துக்குக் கையசைப்பது, கைபேசி எடுப்பது எல்லாம் கீழே நடப்பவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

மேடையில் பலர் நின்றால் யார் மரியாதையை ஏற்பவரோ அவர் ஒருவரே பதில் சல்யூட் தர வேண்டியவர். 2015 குடியரசு தின அணிவகுப்பில் குடியரசுத் துணைத் தலைவர் ஹமீது அன்சாரி சல்யூட் அடிக்காமல் நின்ற படம் பரவி, பெரிய கூச்சல் எழுந்தது. அணிவகுப்பின் மரியாதையை ஏற்பவர் முப்படைகளின் தலைமைத் தளபதியான குடியரசுத் தலைவர். துணைத் தலைவர் அட்டென்ஷனில் நிற்பதே நெறிமுறை என்று அவருடைய அலுவலகம் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. கூச்சல் போட்டவர்கள்தான் விதி தெரியாதவர்கள். உங்கள் ஊர் மேடையிலும் இதே வாட்ஸ்அப் வம்பு வரலாம்; வந்தால் இந்த உதாரணத்தைச் சொல்லுங்கள்.

6. பார்வையாளராகப் போகும்போது

டெல்லி குடியரசு தின அணிவகுப்புக்குப் போக ஆசை இருந்தால், நுழைவுச் சீட்டு பாதுகாப்பு அமைச்சகத்தின் 'ஆமந்த்ரண்' இணையதளத்தில் கிடைக்கும். 2025-ல் அணிவகுப்புக்கு 100 ரூபாய், 20 ரூபாய் என இரண்டு வகை. குடியரசு தினக் கொண்டாட்டத்தை நிறைவுசெய்ய ஜனவரி 29 மாலை விஜய் சௌக்கில் நடக்கும் பீட்டிங் ரிட்ரீட் என்ற படை இசை நிகழ்ச்சிக்கு 100 ரூபாய், அதன் முழு ஒத்திகைக்கு 20 ரூபாய். விற்பனை ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கி, அன்றன்றைக்கு ஒதுக்கிய சீட்டு தீரும்வரைதான். வாங்குவதற்குக் காலை ஒன்பது மணிக்கே இணையதளத்தைத் திறந்து உட்கார வேண்டும். பயணச் செலவும் தங்கும் செலவும்தான் உண்மையான செலவு, சீட்டு விலை காபி காசு. ஆகவே சீட்டு கையில் வரும்முன் திரும்பப் பெற முடியாத விமானப் பயணச் சீட்டு எடுக்காதீர்கள்.

ஆவணம் ஒன்றுதான், ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. சீட்டு வாங்கும்போது எந்தப் புகைப்பட அடையாள அட்டையைக் காட்டினீர்களோ அதன் அசல்தான் நுழைவாயிலிலும் வேண்டும். ஆதாரில் வாங்கிவிட்டு ஓட்டுநர் உரிமத்தோடு போய் நின்று வாக்குவாதம் செய்யும் நிலை வேண்டாம். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எடுத்து வைக்கவும்.

அணிவகுப்பு 10.30-க்குத் தொடங்கும். பாதுகாப்புச் சோதனை வரிசை நீளம் என்பதால் விடிந்ததும் கிளம்ப வேண்டும். மெட்ரோவில் மத்திய செயலகம் நிலையம். சமீப ஆண்டுகளில் அழைப்பிதழோ சீட்டோ வைத்திருப்பவர்களுக்கு அன்று மெட்ரோ பயணம் இலவசமாக இருந்தது. பை, தண்ணீர்ப் புட்டி, பவர் பேங்க் எதையும் நம்பிக் கொண்டுபோகாதீர்கள். ஜனவரிக் குளிருக்கு நம் ஊர் ஸ்வெட்டர் தாங்காது.

உள்ளே எப்போது எழ வேண்டும்? கொடி விரிந்து கீதம் ஒலிக்கும்போது எல்லோரும். கூடவே 21 குண்டு மரியாதை. கீதத்தின் 52 விநாடிக்குள் முடிவதாகக் கணக்கிட்டு, 2.25 விநாடிக்கு ஒன்றாக வெடிக்கும். முதல் வெடியில் பிள்ளைகள் துள்ளுவார்கள், சிலர் அழுவார்கள். முந்தின இரவே சொல்லி வையுங்கள். காதைப் பொத்திக்கொள்வதில் பிழையில்லை, உட்கார்ந்துவிடக் கூடாது. பிறகு ஒவ்வொரு அணிக்கும் எழுந்து எழுந்து உட்கார வேண்டாம், பின்னால் இருப்பவர் திட்டுவார். தேசியக் கொடி உங்களைக் கடக்கும்போது எழுந்து நின்றால் போதும். படைப்பிரிவின் 'நிஷான்' எனப்படும் கொடி கடக்கும்போதும் எழுவது நல்ல பழக்கம்; ராணுவக் குடும்பங்கள் எழுவதைப் பார்த்தால் கூடவே எழுந்துகொள்ளலாம்.

சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் நிறைவு அணிவகுப்புக்குப் பெற்றோராகப் போகிறவர்களுக்கு: அழைப்பு பிள்ளை மூலம் வரும், பெயரும் அடையாள அட்டையும் ஒத்துப்போக வேண்டும். ஆதாரில் 'எஸ். முருகன்', அழைப்பில் 'முருகன் எஸ்' என்றிருந்தால் முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். அணிவகுப்பு முடிந்து தோளில் நட்சத்திரம் பொருத்தும்போது மகனோ மகளோ சல்யூட் அடித்தால் பதிலுக்கு நீங்களும் அடிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். தேவையில்லை. கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்.

7. முன்னாள் படைவீரர்களும் பதக்கங்களும்

உங்கள் பகுதியில் முன்னாள் படைவீரர்கள் இருந்தால் அழைப்பிதழிலேயே உடையைக் குறிப்பிடுங்கள்: பிளேசர், பெரே தொப்பி, பதக்கங்கள். பெரே போட்டு வந்தவர் சல்யூட் அடிப்பார். வேட்டி சட்டையில் வந்தவர் அட்டென்ஷனில் நிற்பார். இரண்டும் சரி; யாரையும் மைக்கில் கூப்பிட்டு "சல்யூட் அடிங்க சார்" என்று தர்மசங்கடப்படுத்தாதீர்கள்.

பதக்கம் வாங்கியவர் இடது மார்பில் அணிவார். உயிர்நீத்த வீரரின் பதக்கத்தை அஞ்சலி நிகழ்ச்சிக்கு அவருடைய குடும்பத்தார் வலது மார்பில் அணியலாம். வலப்பக்கம் பதக்கம் தெரிந்தால் "இடம் மாத்திக் குத்தியிருக்கீங்களே" என்று ஓடிப்போய்த் திருத்தக் கூடாது. அப்படி அணிந்து வந்தவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுத்தால் உங்கள் பகுதியில் யாரை அழைக்கலாம் என்று வழிகாட்டுவார்கள். கடிதத்தில் தேதி, நேரம், இடம், நிகழ்ச்சி நிரல், பொறுப்பாளர் பெயர் ஆகிய ஐந்தும் இருக்கட்டும்.

8. அஞ்சலி நிகழ்ச்சி என்றால்

மலர்வளையம் வைத்தபின் பியூகிளில் 'லாஸ்ட் போஸ்ட்' இசைப்பார்கள். தொப்பியோடு சீருடையில் தனியாக நிற்பவர்கள் அந்த இசை முழுக்க சல்யூட்டில் இருப்பார்கள். சாதாரண உடையில் இருப்பவர்கள் தொப்பி போட்டிருந்தால் கழற்றிவிட்டு அமைதியாக நிற்க வேண்டும். அதன்பின் மௌனம், பிறகு 'ரவுஸ்' இசை. மௌனம் எப்போது முடியும் என்று கூட்டத்துக்குத் தெரியாது; 'ரவுஸ்' கேட்டால் முடிந்தது என்று அர்த்தம். பியூகிள் இல்லையென்றால் ஒருவர் கடிகாரம் பார்த்து "நன்றி" என்று சொல்லட்டும். கைதட்டல் வேண்டாம். ஜனவரி 30 அன்று காலை 11 மணிக்கு நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம்.

வீரரின் உடல்மேல் போர்த்தும் தேசியக் கொடியில் காவி தலைப்பக்கம். கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. அதற்கு முன்பே எடுத்துவிடுவார்கள்.

9. செலவும் நேரமும்

கொடிதான் முக்கியச் செலவு, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். நீளமும் உயரமும் 3:2 விகிதம். கொடி விதியில் ஒன்பது அளவுகள் உண்டு. பள்ளி, குடியிருப்புக் கம்பங்களுக்கு 900-க்கு 600 மில்லிமீட்டரோ 1350-க்கு 900-ஓ பொருந்தும். 2021 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு பாலியெஸ்டர் கொடியும், இயந்திரத்தில் நெய்ததும் செல்லும், கதர்தான் வேண்டும் என்பதில்லை. வீட்டுக்கான சின்னக் கொடி அஞ்சலகத்தில் 2022-ல் 25 ரூபாய்க்குக் கிடைத்தது. வாங்கும்போது சக்கரத்தின் 24 ஆரங்களை எண்ணிப் பாருங்கள். அவசரத்தில் அச்சடித்தவற்றில் சக்கரம் முட்டை வடிவில் இருக்கும், காவி ஆரஞ்சுப் பழம் போல இருக்கும். கிழிந்ததையும் சாயம் போனதையும் ஏற்றக் கூடாது, ஆகவே போன வருடத்துக் கொடியை ஒரு மாதம் முன்பே விரித்துப் பார்த்துவிடுங்கள். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் கடைக்குப் போனால் நல்ல கொடி தீர்ந்திருக்கும்.

பேண்ட், என்.சி.சி. அணி வேண்டுமென்றால் அருகிலுள்ள கல்லூரி முதல்வருக்கு ஒரு மாதம் முன்பே எழுத வேண்டும். அவர்களுக்கும் அதே நாளில் சொந்த நிகழ்ச்சி இருக்கும். பெரும்பாலும் "எங்க நிகழ்ச்சி முடிஞ்சு பத்து மணிக்கு வரோம்" என்பார்கள். சம்மதம் என்றால் உங்கள் நேரத்தைத் தள்ளி வையுங்கள். போக்குவரத்து, காலைச் சிற்றுண்டி உங்கள் செலவு. வெளியிடத்தில் ஒலிபெருக்கி வைப்பதானால் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம்.

இரண்டு வாரம் முன்பு: நிகழ்ச்சி நிரல் தாள் தயார், கட்டளை கொடுப்பவர் முடிவு. ஒரு வாரம் முன்பு: ஒத்திகை, ஒலிப்பதிவோடு, அதே நேரத்தில், அதே இடத்தில். வெயில் யார் கண்ணில் அடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். மாணவர்கள் சூரியனைப் பார்த்து நிற்கும்படி இருந்தால் சதுரத்தைத் திருப்பிப் போடுங்கள். முந்தின நாள்: கம்பத்தின் உச்சியில் இருக்கும் கப்பிக்கு எண்ணெய், கயிறு சோதனை, நாற்காலி. அன்று காலை: கொடி கட்டுவது, விருந்தினர் வந்ததும் இரண்டு நிமிடம் தனியாக நிரலைச் சொல்வது. "கொடி விரிந்ததும் ஒரு அடி பின்னால் வந்து, நிமிர்ந்து கொடியைப் பாருங்கள், கீதம் முடியும்வரை நகர வேண்டாம்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

சாயங்காலம் யார் இறக்குவது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு இரவிலும் பறக்கவிடலாம் என்றாலும், மழையும் காற்றும் கொடியைக் கிழித்துவிடும். காலையில் வரிசைகட்டி நின்ற ஐம்பது பேரில் மாலை ஆறு மணிக்கு ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். காவலாளியிடம் விடாமல், பெயர் போட்டு இரண்டு பேரை நியமித்து, அலமாரிச் சாவியையும் காலையிலேயே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.